ஒரம்பரைக்கு வாடகை

1

இந்தக் கதை பெருமையில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை மௌனிகா போர்ச்சுக்கல் நாட்டில் ஒரு தோட்டம் வாங்கப் போகிறாள். ஆலிவ் மரங்கள், ஒரு கிணறு, நான்கு கல் வீடுகள். ஒன்றில் அவள் குடியிருப்பாள். மற்ற மூன்றையும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். எங்கள் ஊர் வடகரப்பதியில் இதை நான் சொல்லாத டீக்கடை இல்லை. சொல்லியும் ஆசை அடங்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘லிஸ்பனுக்குத் தெற்கே, சூரியன் மெல்ல...’ வேண்டாம். நான் கோவை விமான நிலையத்துக்கு அப்பால் போனதில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.’ இது நடந்தது. இதிலிருந்தே போவோம்.

இங்கே எங்கள் காட்டை, அதாவது விவசாய நிலத்தை, விற்றால்தான் அங்கே வாங்க முடியும். ஆதாரம் (நிலப் பத்திரத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்) அம்மா கமலாத்தாள் பெயரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து ஆகவில்லையென்றால் அந்தத் தோட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

காரியத்தைக் கெடுத்தது ஒரு சொல். மௌனிகா அங்கிருந்து வீடியோ காலில் ஆசையாகச் சொன்னாள்:

“மூணு ஊட்டுலயும் வருசம் பூராவும் ஒரம்பரை வந்துட்டே இருப்பாங்கம்மா.”

கொங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஒரம்பரை என்றால் வீட்டுக்கு வரும் உறவுக்காரர், விருந்தாளி. ‘கெஸ்ட்’ என்பதற்குத் தங்கையின் வாயில் அதுதான் வந்தது.

“ஒரம்பரைகிட்ட வாடகை வாங்குவயா?” என்றாள் அம்மா. “அதுக்கு என்ர காட்டை விக்கோணுமா?”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

3

சொல்லில் வந்த சிக்கலைச் சொல்லிலேயே தீர்க்க, எழுதுகிறவன் நான் இருக்கிறேனே. தங்கையைக் கூப்பிட்டு, “டூரிஸ்ட்டுன்னு சொல்லு புள்ள, அம்மா ஒத்துக்கும்” என்றேன்.

“மாட்டனுங்கண்ணா. ஆறு வருசமா அந்த ஊடுகளைக் கூட்டித் தொடச்சு, மெத்தை விரிச்சவ நானு. போறப்ப என்னையக் கட்டிப் புடிச்சுட்டுத்தான் போறாங்க. அவிங்க ஒரம்பரைதான்.”

[இந்த இடத்தில் பாத்திரம் என் பிடியை விட்டுப் போய்விட்டது. ஊரில் அவளை ஓட்டல் மேனேஜர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவும் அப்படியே நம்பியிருந்தாள். ‘தொடச்சு’ என்பதை அடித்துவிட்டு ‘மேனேஜர்’ என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன். தான் துடைத்த வீட்டையே விலைக்கு வாங்குகிறவளை மேனேஜர் என்றால் மட்டமாகத் தெரிகிறது.]

4

முடிவு அ: அம்மா மனம் இளகி, கண்ணில் நீர் வழிய... இல்லை, அம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை.

முடிவு ஆ: காடு பிழைக்கிறது, மௌனிகா அந்த வீடுகளை அடுத்த முதலாளிக்குப் பெருக்குகிறாள். எழுத எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழியில்லாமல், இதுவரை எழுதியதை நேற்றுச் சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் பகுதியில் நிறுத்தச் சொன்னாள்.

“தொடச்சாளா?”

“ஆமாங்கம்மா.”

பிறகு அவளே போனை எடுத்து மௌனிகாவைக் கூப்பிட்டாள்.

“ஏம்புள்ள, வாரவங்களுக்குச் சோறு?”

“அவிங்களே ஆக்கிக்குவாங்கம்மா.”

“மொத நாள் சோறு உன்ர ஊட்டுல. அதுக்குக் காசு வாங்காத. மத்தபடி வாடகை வாங்கிக்க. தொடைக்கற கை சும்மாவா தொடைக்குது?”

என் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உடனே எழுதினேன்: ‘வெள்ளிக்கிழமை காலை, கமலாத்தாள் ஆதாரத்தில்...’

“என்ன எளுதற? படி.”

படித்தேன்.

“அழி.”

“ஏனுங்கம்மா?”

“வெள்ளிக்கெழமை இன்னும் வரலியே. என்ர கையெழுத்த நீ போடாத, சாமி.”

அழித்துவிட்டேன். அடுத்த வரி அம்மாவுடையது. நீங்களும் எழுதிவிடாதீர்கள்.