புயல் கூண்டுக்கு ஆறாவது இடம்

மரியலூர்துவின் ஆறு ஆல்பங்களையும் வரிசைப்படுத்தித் தர வேண்டும் என்று ப்ரீத்தி போனில் கேட்டபோது, "யாரு, லூர்தா? இன்னுமா அவன் பாட்ட கேக்குறாங்க?" என்றார் பொன்னுரங்கம். அன்று காலை பல் துலக்கும்போதுதான் லூர்துவின் பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை முணுமுணுத்து முடித்திருந்தார். குணசுந்தரி அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். முப்பத்தைந்து வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ப்ரீத்தி கடலூர்ப் பெண். பழைய தமிழ்ப் பாட்டுக்குழுக்களைத் தேடிப் பிடித்து யூடியூப்பில் போடுகிறவள். "நீங்க இல்லாம இந்த லிஸ்டே போட முடியாது அங்கிள்," என்றாள். "நீங்க, நானு, சிதம்பரத்துல கேசட் கடை வெச்சிருந்த தமிழ்வேந்தன் சார், மூணு பேருதான் ஜட்ஜ். எந்த ஆல்பம் ஃபர்ஸ்ட் வருதோ, அதை லூர்து சார் அடுத்த மாசம் சிதம்பரத்துல முழுசா வாசிக்கிறாரு. அதுல வாசிச்சவுங்க எல்லாரையும் மேடைக்குக் கூப்புடுறாரு."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பொன்னுரங்கத்துக்கு வயிறு எரிந்தது. அதில் வாசித்தவர்கள் எல்லாரும் என்றால் அவரைத் தவிர எல்லாரும் என்று அர்த்தம்.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும். கடலூர் முதுநகரில் ஒரு காலத்தில் உப்பனாறு என்று ஒரு ராக் குழு இருந்தது. மாதா கோவில் பாடற்குழுவில் கிட்டார் பிடித்துக்கொண்டிருந்த மரியலூர்துவும், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, மாதா தேர் வரும்போது பேண்டு செட்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்த பொன்னுரங்கமும் சேர்ந்து ஆரம்பித்தது. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். இவர்கள் இரண்டு பேரும்தான் குழு. தொண்ணூற்றிரண்டில் லூர்து சென்னைக்குப் போய்விட்டான். போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான், ஆனால் வா என்று சொல்லவில்லை. பொன்னுரங்கம் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேற்பார்வை பார்க்கப் போனார். அங்கே லூர்து ஒவ்வொரு ஆல்பமாகப் போட்டு, முடி நரைத்து, பத்திரிகைக்காரர்கள் 'மூத்த ராக் கலைஞர்' என்று எழுதுமளவுக்கு ஆனான். அந்த 'மூத்த' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம், தான் அவனைவிட எட்டு மாதம் மூத்தவன் என்பது பொன்னுரங்கத்துக்கு நினைவு வரும்.

ஆனால் உண்மையைச் சொன்னால் அவருக்குப் பொறாமை லூர்து மேல் இல்லை. பாடுகிறவன் பாடட்டும். அவர் பொறாமை முழுக்க இன்னொருவன் மேல்.

தொண்ணூற்றொன்பதில் 'புயல் கூண்டு' வந்தது. லூர்துவின் மூன்றாவது ஆல்பம். அவன் கேசட்டைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று பொன்னுரங்கம் சபதமே எடுத்திருந்தார். அதனால் தெரிந்த ரெக்கார்டிங் கடையில் ஒரு வெற்று கேசட்டைக் கொடுத்துப் பதிந்து வாங்கிக்கொண்டார். அட்டையில் கடைக்காரர் நீல மையில் பாட்டுப் பெயர்களை எழுதியிருந்தார். யார் என்ன வாசித்தார்கள் என்றெல்லாம் எழுத அவருக்கு என்ன தலையெழுத்து? வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டார் பொன்னுரங்கம். முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஒரு டிரம்ஸ். எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே அடி, எங்கே விட வேண்டுமோ அங்கே மௌனம். நான்காவது பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்து டிரம்ஸில் கடகடவென்று ஓர் உருட்டு வரும். அதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடம், இதை அடித்தவன் எவனோ அவன் கை ஒடிய வேண்டும் என்று மனதாரச் சபித்தார்.

என்னை விட்டுவிட்டு இவனுக்காகத்தான் போயிருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அந்த உருட்டைத் தன் டிரம்ஸில் அடித்துப் பார்த்தார். வரவில்லை. கை போகிற வழியெல்லாம் சரியாகத்தான் போயிற்று, வேகம்தான் எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் ஒரு முடியளவு முன்னால் போய் நின்றுகொண்டான். நான்காம் நாள் டிரம்ஸை மினி லாரியில் ஏற்றி, குமராட்சியில் பேண்டு செட் வைத்திருந்த ஆண்டி என்பவனிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு யாராவது லூர்து பேச்சை எடுத்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஆனால் அந்த கேசட்டை விடவில்லை. அது தேய்ந்ததும், மகன் போனில் ஏற்றித் தந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதனை வெறுப்பதற்காக இவ்வளவு கவனமாக யாரும் பாட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அவன்தான் மேடையேறப் போறான் பாரு," என்றார் குணசுந்தரியிடம்.

"யாரு?"

"அதான், அந்தக் கூண்டுக்காரன். புயல் கூண்டுதான் ஃபர்ஸ்ட் வரும். லூர்து அவனைக் கையப் புடிச்சி மேடைக்குக் கூட்டிப் போவான். நான் கீழ ஒக்காந்து கை தட்டணும்."

"அவன் யாரு எவருன்னு விசாரிச்சீங்களா, இத்தினி வருஷத்துல?"

"எவனா இருந்தா எனக்கென்னா? பேரு தெரிஞ்சா இன்னும் ஜாஸ்தி எரியும்."

அவர் ஆசை ஒன்றே ஒன்றுதான். சாவதற்குள் ஒரு தடவை லூர்துவுக்குப் பின்னால் உட்கார்ந்து அடிக்க வேண்டும். அது நடக்காது, ஆறு ஆல்பத்திலும் தான் இல்லை என்பது அவர் கணக்கு. சரி, எனக்கு இல்லாத மேடை அவனுக்கும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார். ஜட்ஜாக வருகிறேன் என்று ப்ரீத்திக்கு அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டார். பாட்டையா பார்த்தார்? எந்த ஆல்பத்தில் டிரம்ஸ் அடித்தவன் சுமார் என்று பார்த்தார். 'ஒத்த ரூம்' என்ற ஆல்பத்தை லூர்து வடபழனியில் ஒரு வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து, டிரம்ஸுக்கு மெஷினை வைத்துச் செய்திருந்தான். ஆளே இல்லாத இடத்தில் யார் மேல் பொறாமைப்படுவது? அதற்கு முதலிடம். 'மஞ்சள் விளக்கு', 'கம்பி மேல காக்கா' எல்லாம் நடுவில் வந்தன. ஆறாவது இடத்தில் 'புயல் கூண்டு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

சிதம்பரம் மேலவீதியில் தமிழ்வேந்தனின் கடை மாடியில் படப்பிடிப்பு. கீழே இப்போது செல்போன் கடை, மாடியில் மட்டும் பழைய கேசட்டுகள் சுவர் முழுக்க அடுக்கப்பட்டிருந்தன. முதல் இடத்துக்கு ஆறு மார்க், கடைசி இடத்துக்கு ஒரு மார்க். ப்ரீத்தி 'புயல் கூண்டு'க்கு முதலிடமும் 'ஒத்த ரூமு'க்கு இரண்டாம் இடமும் கொடுத்தாள். தமிழ்வேந்தனும் அப்படியே கொடுத்தார். கொடுத்துவிட்டு இருவரும் பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஒரு மரியாதை தெரிந்தது. பழைய குழுக்காரன் என்பதற்கான மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"புயல் கூண்டைப் பத்திப் பேச உங்களவிட யாரு இருக்கா? சொல்லுங்க அங்கிள்," என்றாள் ப்ரீத்தி.

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆறாவது எடம்," என்றார். "பாட்டு பரவால்ல. ஆனா டிரம்ஸுன்னு ஒண்ணு கேக்குதே, அது டிரம்ஸா? ஐஸ் பாரை லாரியில தள்ளும்போது வர்ற சத்தம். அடிச்சவனுக்குத் தாளமும் தெரியல, அடக்கமும் தெரியல. அவனப் போயி எவன் டிரம்மருன்னு சொன்னான்?"

தமிழ்வேந்தன் தொடையைத் தட்டிச் சிரித்தார். ப்ரீத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கேமரா பிடித்த பையனின் தோள் குலுங்கியது. பொன்னுரங்கத்துக்கு ஒரே குஷி. தனக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டு என்று அறுபத்திரண்டு வயதுவரை அவருக்கே தெரியாது.

"அவன மட்டும் மேடையில ஏத்துனா, நான் எழுந்து பஸ் ஏறிடுவேன், சொல்லிட்டேன்," என்று இன்னும் ஒரு போடு போட்டார். தமிழ்வேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேமரா முன்னாலேயே கூட்டிப் பார்த்தார்கள். 'புயல் கூண்டு' பதின்மூன்று. 'ஒத்த ரூம்' பதினாறு. ப்ரீத்தியின் முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று முடிவை அறிவித்துவிட்டாள். இருபத்தைந்து வருட எரிச்சல் அடங்கியதுபோல் பொன்னுரங்கம் ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

அப்போதுதான் தமிழ்வேந்தன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கம்பெனியே போட்ட அசல் 'புயல் கூண்டு'. "அண்ணே, ஒரு கையெழுத்து. லூர்து அண்ணன் போன மாசமே போட்டுட்டாரு. நீங்கதான் பாக்கி."

"நான் எதுக்குப்பா இதுல?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். உள் அட்டையை விரித்தார். எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது: 'கிட்டார், குரல்: மரியலூர்து. டிரம்ஸ்: பொன்னுரங்கம், கடலூர் முதுநகர்.' அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: 'தொண்ணூற்றொன்று மழையில் பங்கு மண்டபத்தில் அடித்தது.'

மாதா கோவிலை ஒட்டிய அந்த மண்டபமும் அந்த மழையும் அவருக்கு ஞாபகம் இருந்தன. வீட்டில் உட்கார்ந்து கிட்டார் பழக டிரம்ஸ் மட்டும் வேணும் மச்சான் என்று லூர்து கேட்டான். மூன்று நாள் தனியாக உட்கார்ந்து, டேப் தீரும்வரை அடித்துத் தள்ளியிருந்தார். டேப்பை லூர்து எடுத்துக்கொண்டு போய்விட்டான், அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கக்கூட இல்லை. அந்தக் காலத்தில் தான் அடிப்பதை வெளியிலிருந்து கேட்க அவருக்கு வசதி ஏது? ஸ்டூலில் உட்கார்ந்து அடிக்கும்போது காதில் விழுந்ததுதான்.

"அந்த டேப்பு மேலதான் பாட்டக் கட்டுனாராம்ணே. கிட்டார் சுருதிக்குச் சேரணும்னு கொஞ்சம் வேகமா ஓடவுட்டாராம்," என்றார் தமிழ்வேந்தன். "லூர்து அண்ணன் சொன்னாரு."

ஒரு முடியளவு வேகம். பொன்னுரங்கம் அட்டையில் இருந்த தன் பேரை மறுபடியும் படித்தார்.

"ஆனா ஏண்ணே, உங்கள நீங்களே கடைசியில போட்டுட்டீங்க?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கேமராவைக் கூடப் பெட்டியில் வைக்கவில்லை. ஆனால் சொல்வதென்றால், வேறு எவனோ என்று நினைத்துப் பொறாமையில் போட்டேன் என்றல்லவா சொல்ல வேண்டும்? மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நம்மள நாமே தூக்கிவெச்சிக்கினா நல்லாவா இருக்கும்?" என்றது அவர் வாய். ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு நான்காவது பாட்டைப் போட்டார். இரண்டாவது சரணம் முடிந்தது. உருட்டு வந்தது. ஐயோ, நான்தானா, நான்தானா என்று முனகிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டு வந்தது, இன்னொரு பக்கம் நெஞ்சு அறுத்தது. ஆண்டியிடம் டிரம்ஸைத் தூக்கிக் கொடுத்த அந்த நாள் ஞாபகம் வந்தபோது பாட்டை நிறுத்திவிட்டார்.

வீடியோ ஞாயிற்றுக்கிழமை வந்தது. குணசுந்தரி கட்டிலில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாள். அடியில் நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். தன்னையே கடைசியில் வைத்த தங்க மனசு என்றார் ஒருவர். இந்தத் தன்னடக்கம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்றார் இன்னொருவர். ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடமாக அந்தக் கூண்டுக்காரன் வாங்கிய வசவையெல்லாம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் போன் அடித்தது. பாட்டில் தவிர முப்பது வருடத்துக்கு மேல் கேட்காத குரல், மச்சான் என்ற ஒரே சொல்லில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"மச்சான், பாத்தேன்டா. கேக்காம கொள்ளாம உன் டேப்ப எடுத்துப் போட்டுட்டேன். அதான் நீ கோவமா இருக்கேன்னு இத்தினி வருஷம் போனே பண்ணல. நீ என்னடான்னா சிரிக்கச் சிரிக்கப் பேசுற."

"கோவமெல்லாம் இல்ல மச்சான்."

"புயல் கூண்டுதான் வரும், உன்னைப் பின்னால ஒக்கார வெச்சி வாசிக்கலாம்னுதான் இந்த ஏற்பாடே பண்ணேன். ப்ரீத்திகிட்டகூடச் சொல்லல. சரி, நீயே வேணாம்னு சொல்லிட்ட. மேடைன்னா பஸ் ஏறிடுவேன்ற. உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். மெஷினை வெச்சி ஒத்த ரூமையே வாசிக்கிறேன். முன் வரிசையில சீட்டு போட்டுவெக்கிறேன், வந்துருடா."

குணசுந்தரி பக்கத்தில் வந்து நின்றாள். சொல்லுங்க என்று உதட்டை அசைத்தாள். பொன்னுரங்கம் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி மச்சான். வரேன்," என்றார்.

லூர்து வைத்துவிட்டான். அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஏங்க, நானே வாசிக்கிறேன்னு ஒரு வார்த்த சொன்னா அவரு வேணாம்னா சொல்லப்போறாரு?"

"சொல்ல மாட்டான்."

"அப்புறம் என்னா?"

"அப்ப ஏன்டா கடைசியில போட்டன்னு கேப்பான் குணா," என்றார் பொன்னுரங்கம்.