சோபர்ஸை விட்டுக்கொடுத்த சனிக்கிழமை

மக்கீனும் திருச்செல்வமும் சனிக்கிழமை தவறாமல் சண்டை பிடிப்பார்கள். டெஸ்ட் கிரிக்கெட் ஆடியவர்களுக்குள் எல்லாரிலும் பெரியவன் யார் என்பதுதான் சண்டை. கண்டிச் சந்தைக்குப் பின்னால் இருந்த மக்கீனின் ஹார்ட்வெயார் கடையில், பெயின்ட் டின்களுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் இதற்கென்றே கிடந்தன. மாநகரசபையில் கிளார்க்காக இருந்து பென்ஷனில் போன திருச்செல்வம் அம்பிட்டியவிலிருந்து பஸ் பிடித்து வருவார். ஆளுக்கொரு பிளேன்டீ குடிப்பார்கள். அதற்குப் பிறகு இருவருக்கும் கண்மண் தெரியாது.

மக்கீனுக்கு அவுஸ்திரேலியாவின் பிரட்மன். "சராசரி தொண்ணூத்தொம்பது தசம் தொண்ணூத்து நாலு. இதுக்கு மேல என்னத்த செல்ற?"

மக்கீனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் திருச்செல்வத்துக்கு மேற்கிந்தியாவின் சோபர்ஸ். "உங்க ஆளு இங்கிலாந்தயும் அவுஸ்திரேலியாவயும் விட்டா வேற எந்த நாட்டுலயாவது டெஸ்ட் ஆடினாரா? நம்ம அஸ்கிரிய கிரவுண்ட்ல, பந்து திரும்புற நாலாம் நாள் வந்து நிக்கச் சொல்லுங்க நானா, பாப்போம். என் ஆளு அடிப்பாரு, வேகமா போடுவாரு, சுத்தியும் போடுவாரு."

"போட்டு என்ன? விக்கெட் ஒண்டுக்கு முப்பத்து நாலு ஓட்டம் குடுத்த மனிசன்."

அந்த இரண்டு பேரும் ஆடியதை இவர்களில் ஒருவரும் நேரில் கண்டதில்லை. அதனால் சண்டைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. முரளியை மட்டும் இழுக்க மாட்டார்கள். ஊர்ப் பிள்ளையைத் தராசில் வைப்பதில்லை என்று எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். மற்றபடி, கடை திறந்த காலத்திலிருந்து ஒருவரும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுத்தது கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலையும் திருச்செல்வம் வந்து உட்கார்ந்தார். மக்கீன் வழக்கம்போல ஆரம்பித்தார். திருச்செல்வம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார்.

"என்ன சரி?"

"சரி நானா."

"அப்ப பிரட்மன்தான் முதலாவது?"

"சரி."

மக்கீனுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். வீட்டுக்குப் போன் எடுத்து மனைவி றமீஸாவிடமும் சொன்னார். "அந்த மனிசனுக்கு சொகமில்லயோ என்னமோ" என்று றமீஸா சிரித்தாள். மக்கீனும் சேர்ந்து சிரித்தார்.

திரும்பி வந்தபோது திருச்செல்வம் பிளேன்டீயை இடது கையில் பிடித்திருந்தார். சட்டையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. தோற்ற ரோசத்தில் கை நடுங்குகிறது என்று மக்கீன் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது அவருக்கு இனித்தது. தானே கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றி, "அடுத்த கிழம ரெண்டாவது எடத்த பாப்போம்" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

பின்னேரம் திருச்செல்வத்தின் மனைவி யசோதா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். மக்கீன் கடையைச் சாத்திவிட்டு ஓடினார். தள்ளுகட்டிலில் கிடந்த திருச்செல்வத்தின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை சும்மா கிடந்தது. மடுல்கெல்லத் தோட்டப் பக்கத்துப் பிள்ளையான டாக்டர் துஷானி யசோதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப தொடங்குச்சும்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பகல் சாப்பிட்டுட்டுப் படுத்தாரு டாக்டர். எழுப்பப் போனா வாய் இப்படி. சாப்பிடுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. சத்தமே இல்லாம சாப்பிட்டாரு. கறியில உப்பில்லன்னுகூட சொல்லல."

"அப்படின்னா நேரம் இருக்கு. ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல, ரத்தக்கட்டிதான் அடச்சிருக்கு. அத கரைக்க ஒரு ஊசி இருக்கு. போட்டா கையும் பேச்சும் திரும்பி வர வாய்ப்பிருக்கு. ஆனா தொடங்கி ரொம்ப நேரமாயிருந்தா போடக்கூடாது. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து."

"போடுங்க டாக்டர்" என்று யசோதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் கேட்ட அந்த "சரி" இப்போதுதான் மக்கீனுக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால், போடும் ஊசியே ஆளைக் கொன்றுவிடலாம். வாயைத் திறந்தால், இருக்கிற ஒரே வாய்ப்பைத் தன் கையாலேயே பிடுங்கினதாகிவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் அதன் அடி திருச்செல்வத்துக்குத்தான்.

"டாக்டர், இது காலையிலயே தொடங்கிட்டு."

"எப்படிச் சொல்றீங்க?"

"சோபர்ஸ விட்டுக்குடுத்தார்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. யசோதா சிரிக்கவில்லை. டாக்டரின் கையைப் பிடித்திருந்த அவள் பிடி மெல்லத் தளர்ந்தது.

"இவரா?" என்றாள். "இவரா விட்டுக்குடுத்தாரு?"

மக்கீன் தலையாட்டினார். இடது கையில் பிடித்த பிளேன்டீயையும் சட்டையில் சிந்தியதையும் சொன்னார். டாக்டர், திருச்செல்வம் எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டாள். வலது என்றதும் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு யசோதாவிடம் சொன்னாள்.

"அப்போ காலையிலேர்ந்தே இருந்திருக்கு. ஊசி போட முடியாதும்மா. மத்த மருந்து குடுத்துப் பாப்போம்."

யசோதா மக்கீன் பக்கம் திரும்பினாள். "நானா, உங்களுக்கு அப்பவே தெரியலயா?"

"தெரியல்ல தங்கச்சி. நான் ஜெயிச்சிட்டேன் எண்டு நெனச்சேன்."

அவள் ஏசியிருந்தால் மக்கீனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கொழும்பிலிருக்கும் மகனுக்குப் போன் எடுக்க வெளியே போனாள்.

திருச்செல்வத்தை வார்ட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மக்கீன் கட்டிலோரம் குனிந்தார்.

"செல்வம், நான் தோத்துட்டேன். சோபர்ஸ்தான் முதலாவது. கேக்குதா?"

திருச்செல்வம் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மக்கீனுக்கு உயிர் வந்தது. ஆள் உள்ளேதான் இருக்கிறார், பேச்சுதான் வரவில்லை என்று நினைத்தார். ஆனால் காலையில் ஏமாந்தவருக்கு அந்தத் தலையாட்டலை அப்படியே நம்பவும் தைரியம் வரவில்லை.

"இல்ல, பிரட்மன்தான்" என்றார் மெதுவாக. "பிரட்மன்தானே?"

திருச்செல்வம் அதற்கும் தலையை ஆட்டினார்.

மக்கீன் விடவில்லை. திருச்செல்வத்துக்குக் கண்ணில் காட்டக் கூடாத ஆட்டக்காரர்களையெல்லாம் ஒவ்வொருவராக முதலாம் இடத்தில் ஏற்றினார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை "இல்ல நானா" என்று அந்தத் தலை அசைந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. கடைசியில் முரளியின் பெயரையும் எடுத்தார். "முரளிக்கு எடமே இல்ல, என்ன செல்வம்?" என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்.

திருச்செல்வம் அதற்கும் தலையை ஆட்டினார்.