துளையில்லாத பொத்தான்கள்

பொத்தானில் துளை இல்லை. தையல்காரன் ஊசியை மறுபடி குத்திப் பார்த்தான். வழுக்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வெள்ளை, வட்டம், பள்ளிக்கூடச் சட்டைக்கு வைக்கிற அதே அளவு. நடுவில் ஒரு கோடு மட்டும் ஓடியது. விரல் நுனியில் மாவுபோல ஏதோ ஒட்டியது.

அது பொத்தான் இல்லை என்பது முதலில் கைக்குத்தான் தெரிந்தது. மனசுக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தகர டப்பாவை வெட்டுமேசைமேல் கவிழ்த்தான். பொத்தான்களுக்கு நடுவே இன்னும் பல கிடந்தன. மனைவியின் மாத்திரைகள். காலைதோறும் அவன் உள்ளங்கையிலிருந்து எடுத்துக்கொண்டு, தண்ணீர்த் தம்ளரோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அவள் விழுங்கியவை. விழுங்கியதாக அவன் நினைத்தவை.

உள்ளறையில் அவளுடைய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிற்காமல் ஓடியது. கூடவே ஒரு பாட்டின் முணுமுணுப்பு. சில வாரங்களாகத்தான் அந்தச் சத்தம் மறுபடி கேட்கிறது. அது வந்ததிலிருந்து அவன் நன்றாகத் தூங்கினான். ஏன் வந்தது என்று அவன் கேட்கவில்லை.

முதல்முறை வந்தபோதும் கேட்கவில்லை.

அப்போது அவள் காலில் சக்கரம் முளைத்திருந்தது. ஒரு சட்டையை அவன் வெட்டி முடிப்பதற்குள் முந்தைய சட்டையைத் தைத்து மேசைமேல் வீசுவாள். பேச்சும் அப்படித்தான், நூல் அறாத பேச்சு. அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களிடம், “மூச்சை விடுங்கண்ணே, வயித்தையும் சேத்துத்தான் தைக்கணும். வீட்ல வச்சிட்டா வரப் போறீங்க?” என்பாள். கோபம் வந்தால் கத்தரிக்கோல் பறக்கும். பறந்ததை அவளே சிரித்துக்கொண்டு எடுத்துவந்து தருவாள். எதிர்க்கடை இஸ்திரிக்காரர் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அமைதியாக இருந்தவள் இப்படி மலர்ந்தது தன் அதிர்ஷ்டம் என்று தையல்காரன் நினைத்தான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு சிரித்ததில்லை.

இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். பாதி ஆளாக இளைத்தாள். “சைடு பிடிச்சுக் குடுங்க, சட்டை தொளதொளங்குது” என்று வந்து நிற்பாள். அவன் பிடித்துக் கொடுப்பான். மறுபடி தொளதொளக்கும். மறுபடி பிடிப்பான். துணியில் தெரிகிற குறையைத் துணியிலேயே சரிசெய்வதுதான் அவன் தொழில். உள்ளே ஓர் உடம்பு கரைகிறது என்று அளவுநாடா சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் அதை வெறும் அளவாகக் கேட்டுக்கொண்டான்.

ஒருநாள் மத்தியானம் நின்ற இடத்திலேயே சரிந்தாள். தாங்கிப் பிடித்தபோது அவள் நெஞ்சு, பாபினில் நூல் சுற்றும்போது சக்கரம் தைக்காமல் வெறுமனே ஓடுமே, அப்படி ஓடியது.

மருத்துவர் அவள் கழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். வீக்கம் இருந்தது. காலர் வைத்துத் தைத்தவனுக்கு அது முன்பே தெரியும்.

“இங்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி. உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு இது அனுப்புற ஹார்மோன்தான் சொல்லுது. இவங்களுக்கு அளவில்லாம ஊத்துது. மூளைக்கு அடியில இன்னொரு சுரப்பி இருக்கு, இதை மேற்பார்வை பாக்குறது. அது எப்பவோ போதும்னு சொல்லிடுச்சு. இது கேக்கல. இப்படியே விட்டா இதயம் தாங்காது.”

அவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். “அப்ப, அவ சிரிக்கிறது?”

மருத்துவர் பேனாவை மூடினார். “அதுல எவ்வளவு நோய், எவ்வளவு அவங்கன்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை.”

மாத்திரை வேலை செய்தது. வேண்டியதற்கு மேலேயே செய்தது. வேகம் இறங்கி நடுவில் நிற்காமல் மறுபக்கம் சரிந்தது. வெயில் நேரத்திலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவன் சொன்ன கேலிக்கு, அவனே அதை மறந்த பிறகு, சிரித்தாள். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்தார். “தராசு முள் நடுவுல வந்து நிக்க நாளாகும். அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.”

சட்டைகளை அவன் பிரித்துப் பெரிதாக்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே துணி விட்டுத் தைப்பது அவன் பழக்கம்.

ஆனால் வீட்டில் ஒருத்தி குறைந்திருந்தாள். இவள் கட்டிலில் படுத்திருக்கும்போது நடையில் செருப்புச் சத்தம் விறுவிறுவென்று போவது அவனுக்குக் கேட்கும். வெட்டிய துண்டை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பிடுங்கிக்கொள்ள வரும் கைக்காகக் காத்திருப்பான். கை வராது. உயிரோடு இருப்பவளுக்காக எப்படித் துக்கம் கொண்டாடுவது? யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் இஸ்திரிக்காரர் வாசலில் நின்று கேட்டார். “என்னப்பா, எக்ஸ்பிரஸ் சத்தத்தையே காணோம்?”

“அவ ஊருக்குப் போயிருக்கா. இது அவ அக்கா” என்றான் தையல்காரன்.

இஸ்திரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மூலையில் காலர் மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். அன்று மட்டும் தாமதம் இல்லாமல் சிரித்தாள்.

பாட்டு திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். அவன் இப்போது அதைக் கோத்துப் பார்த்தான். கோக்கத் தெரியாமல் இல்லை, இத்தனை நாள் ஊசியைக் கையில் எடுக்காமல் இருந்தான்.

உள்ளே மிஷின் நின்றது. செருப்பு விறுவிறுத்தது. மேசையில் கிடந்ததையெல்லாம் டப்பாவுக்குள் வழித்துத் தள்ளினான். ஒரு மாத்திரை மட்டும் கைக்குள் நின்றுவிட்டது.

“என்னங்க, இன்னும் பொத்தான் வைக்கலையா? ஆமை உங்களைப் பாத்தா அழும்.” சட்டையை இடுப்பருகே இழுத்துக் காட்டினாள். “இதப் பாருங்க, இன்னொரு ஆள் நுழையலாம். சைடு பிடிச்சுக் குடுங்க.”

கண்ணாடி முன்னால் கைகளை விரித்து நின்றாள். அவன் குண்டூசிகளை உதட்டுக்குள் கவ்விக்கொண்டான். குண்டூசி வாயில் இருந்தால் பேச வேண்டியதில்லை. எத்தனையோ வாடிக்கையாளர்களின் முன்னால் அது அவனைக் காப்பாற்றியிருக்கிறது.

விலாப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்தான். நிறைய வந்தது. விரலுக்கடியில் ஏதோ நெருடியது. பழைய தையலின் துளைகள். போன முறை அவள் இளைத்தபோது போட்டு, பிறகு பிரித்த தையல். அவன் பிடி நூலளவும் பிசகாமல் அதே கோட்டில் வந்து விழுந்திருந்தது.

துணிக்கு அப்பால் அவள் நெஞ்சு ஓடியது. கண்ணாடியில் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது.

“ஊர்லேருந்து வந்துட்டேன்ல?” என்றாள் அவள் கண்ணாடியைப் பார்த்து. “சந்தோஷம்தானே?”

அவன் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தான். ஒவ்வொன்றாகப் பஞ்சுத் திண்டில் குத்தினான். கடைசியையும் எடுத்தபோது அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

“வேணாங்க. சொல்லாதீங்க.”

துணியைப் பிடிக்காத கையை அவன் திறந்து காட்டினான். வியர்வையில் மாத்திரை பாதி கரைந்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“அவளை அனுப்பிட்டா,” மிக மெதுவாகக் கேட்டாள், “நீங்க யாரோட சிரிப்பீங்க?”

எதிர்க்கடையில் ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டி படிந்து சீறியது.  குண்டூசி இல்லாமல் அவன் வாய் காலியாக இருந்தது.

பிடித்திருந்த துணியை விட்டான். சட்டை அவளைச் சுற்றித் தளர்ந்து இறங்கி, உள்ளே இன்னொருத்திக்கும் இடம் வைத்து, கண்ணாடியில் அசையாமல் தொங்கியது.