மீசை இல்லாத மீன்

வெர்னரை ஊரே பொய்யன் என்று முடிவு கட்டியதற்கு முக்கியக் காரணம் நான்தான். தூண்டிலும் புழுவும் விற்கும் கடை என்னுடையது. காலை ஆறு மணிக்கே அங்கே காபிக்கு வந்து உட்காருகிறவர்கள், எந்த மீனைப் பற்றியும் என் தீர்ப்புக்கு மேல் போவதில்லை. எனக்கு மீனைப் பற்றித் தெரியும் என்பதால் அல்ல, காபி இலவசம்.

எட்டு வருஷத்துக்கு முன் வெர்னர் வந்து, உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் போட்ட துளை வழியே இடுப்புயர மீன் ஒன்றைப் பிடித்து, திரும்ப விட்டுவிட்டதாகச் சொன்னார். பார்வைக்குக் கெண்டைதான், ஆனால் கெண்டைக்கு உதட்டோரம் இருக்கும் மீசை இல்லை என்றார்.

“காலையில சவரம் பண்ணிட்டு வந்திருக்கும்” என்றேன். கடை குலுங்கியது. வெர்னரும் சிரித்தார். மறுநாளிலிருந்து பெட்ரோல் பங்க்கில் காசு கொடுத்துக் காபி குடித்தார். போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார்.

பிப்ரவரியில் ஒரு முற்பகல் அவர் மனைவி ஆர்லிஸ் போன் செய்தார். “கேலன், ஏரிக்கு வா. ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கேன். பேர் சொல்லிட்டுப் போ.”

கடையில் உட்கார்ந்திருந்த மில்ட்டும் ஒட்டிக்கொண்டான். ஏரிமேல் நிறுத்தியிருந்த மரக்குடிசைக்குள், சறுக்குவண்டித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மீனைக் கிடத்தியிருந்தார் ஆர்லிஸ். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் துளை, ஒரு மேஜை அகலத்துக்குச் சதுரமாக அறுத்திருந்தது. எழுபத்தொரு வயதில் அதை அறுத்தவர் பொழுதுபோக்க வரவில்லை என்று எனக்கே புரிந்தது.

“கெண்டைதான்” என்றான் மில்ட், வாசலில் நின்றபடியே. “தூக்கிப் பனிமேல போடுங்க. கழுகு தின்னட்டும்.”

மினசோட்டாவில் கெண்டைக்கு மரியாதை கிடையாது. எங்கிருந்தோ வந்து ஏரியைக் கலக்குகிற மீன். மாட்டினால் பனிமேல் எறிந்துவிட்டு அடுத்த புழுவைக் கோப்போம்.

“உன்னைக் கேக்கல மில்ட். கேலன், நீ வாயைப் பாரு.”

கையுறையைக் கழற்றிவிட்டு உதட்டோரம் இரண்டு பக்கமும் தடவினேன். ஒன்றுமில்லை. வாயும் கெண்டைக்கு இருப்பதுபோலக் கீழ்நோக்கி இல்லாமல் நேரே முன்னால் திறந்திருந்தது. மானத்தைக் காப்பாற்ற வேறு வழி உண்டா என்று மீன்வளத் துறையில் ஓர் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“முதுகுத் துடுப்புக்கு முன்னால ரம்பம் மாதிரி முள்ளு இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப கெண்டை இல்ல. பெருவாய் எருமைமீன். இந்த மண்ணோட மீனுதான். அவ்வளவு பெருசுன்னா எண்பது வயசுகூட இருக்கும். பேசிட்டு நிக்காம தண்ணியில விடுங்க.”

மூன்று பேரும் சேர்ந்து இறக்கினோம். மீன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு, அவசரமில்லாமல் கீழே போனது.

“வெர்னர் சொன்னது சரிதான்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லி என்ன?” ஆர்லிஸ் துண்டில் கையைத் துடைத்தார். “எங்க வச்சுச் சிரிச்சியோ அங்க சொல்லு. காலையில ஆறு மணிக்கு நானும் வரேன்.”

வந்தார். கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். வெர்னர் பிடித்தது நிஜம், மீன் தெரியாதவன் நான்தான் என்றேன். கூடவே சொல்ல இரண்டு வேடிக்கைப் பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன், வாய்க்கு வரவில்லை.

மில்ட் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “அப்ப நாம இத்தனை வருஷமா பனிமேல தூக்கிப் போட்டதெல்லாம்?”

“ஒண்ணுக்காவது வாயைப் பாத்தீங்களா?” என்று கேட்டார் ஆர்லிஸ்.