ஐந்து சிவப்பு விளக்குகள்

வியாழக்கிழமை சாயந்தரம் தெரேசா வீட்டுக்கு வந்ததும் கார்ச் சாவியை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். பழைய கார் வாங்கி விற்கும் ரிஸ்மியைத் திங்கட்கிழமை வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டதாகவும், இனிமேல் தான் பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகவும் அறிவித்தாள். அறிவித்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அவள் கணவர் அமலதாஸ் ஆணியில் ஆடிய சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டியில் ஓர் அச்சகத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். எந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் விளங்கப்படுத்துவார், கேட்காவிட்டாலும் விளங்கப்படுத்துவார். பிரஷர் குக்கரின் வெயிட் ஏன் ஆடுகிறது, தண்ணீர் மோட்டார் ஏன் முனகுகிறது என்பதெல்லாம் தெரேசாவுக்குத் திருமணமான முதல் மாதத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. அவள் "ம்" கொட்டிக்கொண்டே வேறு எதையாவது யோசிப்பாள்.

நடந்தது பெரிய விபத்தல்ல. தெரேசா ஹந்தானை மலையில் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. பாடசாலை விட்டு இறங்கும்போது பனி மூடியிருந்தது. ஒரு மாடு குறுக்கே வர, பிரேக் பிடித்தாள். பின்னால் வந்த செல்லச்சாமியின் மரக்கறி வேன் வந்து இடித்தது. பம்பரின் ஒரு மூலை நசுங்கியது, யாருக்கும் காயமில்லை. தெரேசா இறங்கி, பாடசாலைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, செல்லச்சாமியைக் கண்டபடி ஏசினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

"டீச்சர் பிரேக் புடிச்சது தெரியலீங்க."

பொய் என்றாள் தெரேசா. அமலதாஸ் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு அது ஒரு தகவல். பின்விளக்கு பனியில் தெரியவில்லை என்றால் விளக்கில் குறை. விளக்கில் குறை என்றால் அதைத் திருத்தலாம். திருத்தினால் இவள் சாவியை ஆணியிலிருந்து எடுப்பாள்.

எடுக்க வேண்டும். அதுதான் அவருடைய கவலை. தெரேசா நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டப் பழகியவள். அதற்கு முன் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேலே இன்னொரு பஸ், அது வராத நாளில் வீங்கிய முழங்காலோடு நடை. இந்தக் கார், எங்கோ ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த சின்ன ஆட்டோ கியர் வண்டி, அவளை வேறு ஆளாக்கியிருந்தது. வண்டிக்குள் தனியாக இருக்கும்போது சத்தமாகப் பாடுகிறாள் என்பதை அமலதாஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் ஒருநாள் தற்செயலாகக் கண்டிருந்தார். வாய் அசைவதை மட்டும்தான் கண்டார். அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளி இரவே கெஞ்சிக் கூத்தாடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை காலை ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது. பயம் இருந்தால் வண்டி ரிஸ்மிக்கு.

சனிக்கிழமை மதியம் முற்றத்தில் சாக்கை விரித்து, காரின் பின்பக்கத்தில் மல்லாந்தார்.

அந்தக் காரின் பின்னால் மூன்று பிரேக் விளக்குகள்: இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, கண்ணாடிக்கு மேலே ஒன்று. அதுபோக, பம்பரில் வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. பனிமூட்டத்துக்கென்றே உள்ள விளக்கு அது. சாதாரண பின்விளக்கு அகல்விளக்கு மாதிரி மினுங்கும். இது பிரேக் விளக்குக்குச் சமமாக எரியும். இடப்பக்கமும் அதே போன்ற சிவப்புக் கண்ணாடி. ஆனால் உள்ளே பல்பு இல்லை, வெறும் கூடு. கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடித்திருக்கிறான் என்று அமலதாஸ் முடிவு செய்தார்.

அந்தக் கூட்டுக்குள் ஒரு பல்பைப் பொருத்தி, வலப்பக்கத்திலிருந்து பம்பருக்குப் பின்னாலேயே வயர் இழுத்து, எர்த் வயரை பாடியின் ஒரு போல்ட்டில் முறுக்கினார். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. இந்த இரண்டும் பிரேக் பிடிக்கும்போதும் எரிந்தால்? மூன்றுக்குப் பதில் ஐந்து சிவப்பு. குருடனுக்கும் தெரியும். பிரேக் விளக்குக்குப் போகும் வயரையும் பனி விளக்குக்குப் போகும் வயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்தார்.

தெரேசாவைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தார். அவர் பின்னால் நின்று "மிதி" என்றார், மிதித்தாள். ஐந்தும் எரிந்தன. "விடு" என்றார், விட்டாள். அணைந்தன. அமலதாஸின் முகம் ஐந்து மடங்கு பிரகாசமானது. பிறகு பனி விளக்கின் சுவிட்சை மட்டும் போடச் சொன்னார். இரண்டு எரிய வேண்டிய இடத்தில் ஐந்தும் எரிந்தன.

"இப்ப நான் மிதிக்கலீங்க," என்றாள் தெரேசா, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, கேட்பதற்கு முன்பே.

காரணம் அவருக்கு உடனே பிடிபட்டது. இரண்டு வயர்களைச் சேர்த்துவிட்டால், இந்த வழியால் வா, அந்த வழியால் போகாதே என்று மின்சாரத்திடம் சொல்ல முடியாது. பனி விளக்குக்கு வந்த மின்சாரம், சேர்த்த இடத்தில் திரும்பி, பிரேக் விளக்குகளுக்கும் போய்விட்டது. கண்டி டவுனுக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இதற்கான மருந்தை விளங்கப்படுத்துவது சுலபம்: ஒருவழிப் பாதை. மின்சாரத்துக்கு அந்தப் போர்டு டயோட். மிளகு அளவிலிருந்து மொச்சைக்கொட்டை அளவு வரை கிடைக்கும். ஒரு பக்கமாக மட்டும் போக விடும், எதிர்ப்பக்கமாக வந்தால் மறிக்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், அச்சகத்துப் பழைய சர்க்யூட் போர்டிலிருந்து கழற்றி வைத்திருந்த இரண்டு தடித்த டயோடுகளை வயருக்கு ஒன்றாகப் போட்டார். இப்போது சுவிட்சுக்கு இரண்டு, மிதிக்கு ஐந்து. சொன்னபடி கேட்டன. தெரேசாவுக்கு ஒருவழிப் பாதை உவமையை இரண்டு முறை சொன்னார். அவள் இரண்டு முறையும் "ம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளை அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு ஃபாஸிலின் த்ரீவீல் ஆட்டோவில் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். வேலைக்குப் பிந்தும். பிந்தட்டும்.

டவுனைத் தாண்டும்வரை அது அவருக்குப் பெருமையான பயணம். நெரிசலில் தெரேசா பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஐந்து சிவப்பும் பளிச்சென்று எரிந்து, விட்டதும் அணைந்தன. அவர் ஃபாஸிலுக்கு டயோடைப் பற்றிச் சொன்னார். ஃபாஸில் நல்ல மனிதர், கடைசிவரை கேட்டார். ஹந்தானை ரோட்டில் ஏறி, இரண்டு மூன்று வளைவுகள் தாண்டியதும் பனி இறங்கியது. முன்னால் போன கார் கரைந்தது. பிறகு அந்த வெள்ளைக்குள் சிவப்பு விளக்குகள் தோன்றின.

ஐந்து.

பிரேக்கை விட்டதும் மூன்று அணைந்து, பனி விளக்கு இரண்டு மட்டும் மிஞ்சும் என்று அமலதாஸ் காத்திருந்தார். அணையவில்லை. ஏற்றத்தில் ஐந்து, வளைவில் ஐந்து, நேர் பாதையிலும் ஐந்து.

"அக்கா நிப்பாட்டப் போறாங்களா, ஓட்டிட்டுப் போறாங்களா, ஒண்டும் வெளங்குதில்ல அண்ணே," என்றார் ஃபாஸில், வேகத்தைக் குறைத்தபடி. "எந்நேரமும் செவப்பாத்தான் ஈக்கிது."

டயோட் போய்விட்டது. அமலதாஸ் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சூட்டில் வெந்து, இரு பக்கமும் விடுகிறது. தன் கையால் செய்த வேலை தன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் பொய் சொல்லிக்கொண்டு போகிறது. முன்னால் தொழிலாளர் லயத்து நாய் ஒன்று குறுக்கே ஓட, கார் சட்டென்று நின்றது. விளக்கில் எந்த மாற்றமும் இல்லை. ஃபாஸில் ஓரமாக ஒடித்து நிறுத்தியதால்தான் இடிக்கவில்லை.

பாடசாலை வாசலில் தெரேசா இறங்கியபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. த்ரீவீலிலிருந்து இறங்கிய கணவரைக் கண்டு கோபிக்கவும் இல்லை.

"பின்னால வருவீங்கன்னு தெரியும். பயமே இல்லங்க. ஒங்க வெளக்கு வேல செய்யுது. ரிஸ்மிய வர வேணாம்னு சொல்லிடுங்க."

மூன்று நாட்களாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தைகள். சும்மா ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, இன்ஜினைப் போட்டு, பனி விளக்கின் சுவிட்சைப் போட்டு, பின்னால் ஓடி வந்து பார்த்தார். இரண்டு. டயோட் சாகவில்லை. வயரை ஆட்டினார், பம்பரைத் தட்டினார். இரண்டுதான். அப்படியானால் ஐந்தையும் எரிய வைத்தது பிரேக் மிதிதான். பிறகு, மேலே ஏறி வரும்போது உட்கார்ந்த மாதிரியே உட்காரு என்று தெரேசாவிடம் சொல்லிவிட்டு, கதவருகில் குந்தினார்.

அவளுடைய வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. இடது கால், மெல்ல, குழந்தையின் தலையைத் தொடுவதைப் போல, பிரேக்கின் மேல் இருந்தது.

பிரேக் மிதிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. மிதி ஓர் அரிசி மணி அளவு நகர்ந்தாலே அது விளக்கைப் போட்டுவிடும். சக்கரத்தைப் பிடிப்பது அதற்குப் பிறகுதான். பின்னால் வருபவனுக்கு முதலில் செய்தி போகட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே சும்மா வைத்த கால் வண்டியை நிறுத்தாது. ஆனால் நிற்கப்போகிறேன், நிற்கப்போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். கடைசியில் நிஜமாக நிற்கும்போது சொல்ல மிச்சம் ஒன்றும் இருக்காது.

செல்லச்சாமி பொய் சொல்லவில்லை.

இதைச் சொல்லாமலும் விடலாம். இன்னும் நாலு விளக்குப் போடுகிறேன் என்று சமாளித்து, மெதுவாக வேறு வழியில் பழக்கலாம். சொன்னால், இடித்ததற்குக் காரணம் நான்தானா என்று இவள் சாவியை நிரந்தரமாக மாட்டிவிடுவாள். அமலதாஸ் எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு விஷயத்தை வாயால் விளங்கப்படுத்த வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

தெரேசாவை இறக்கிப் பாடசாலை மைதானத்தின் ஓரத்தில், காருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். தான் ஏறி, இரண்டு பெடலிலும் இரண்டு கால் வைத்து, பனிக்குள் மெதுவாகப் போய் நின்றார். மறுபடி போனார், நின்றார். பின்னோக்கி வந்து, இந்த முறை இடது காலை மடித்துக்கொண்டு அதையே செய்தார். இறங்கி வரும்போது, தெரேசா கைக்குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல நீங்க நின்னதே தெரியலீங்க," என்றாள். பிறகு மெதுவாக, "நான் அப்பிடித்தான் வாறேனா?"

"பனியில மட்டும்."

"பனியில பிரேக்க விட்டுக் கால எடுக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க. ஓட்டப் பழகுன மொத நாளு."

அமலதாஸுக்கு ஞாபகம் வந்தது. எந்நேரமும் தயாராக இரு என்ற அர்த்தத்தில் சொன்னது. பக்கத்துச் சீட்டில் பயத்தோடு உட்கார்ந்திருந்தவன் சொன்னது. இத்தனை வருடத்தில் அவர் விளங்கப்படுத்திய ஆயிரம் விஷயங்களில் அவள் "ம்" கொட்டாமல், வரிக்கு வரி கேட்டு நடந்தது அந்த ஒன்றைத்தான்.

"அதுக்கு ரெண்டு காலையும் வைக்கச் சொன்னேனா?"

"மாதா கோயில்ல இத்தன வருஷம் ரெண்டு காலாலயும் ஓர்கன் மிதிக்கிறவளுக்கு ஒரு கால் மட்டும் சும்மா கெடக்குமா?" அவள் குடையைக் கீழே இறக்கினாள். "அந்த மனுசன நான் பிள்ளைங்க முன்னால என்னவெல்லாம் பேசினேன்."

அவள் சாவிக்காகக் கை நீட்டுவாளா, கையைக் கட்டிக்கொள்வாளா என்று அமலதாஸ் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குள் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தெரேசா இடது காலின் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். செருப்பில்லாத கால் மிதியில் பட்டால் தனக்கே குறுகுறுக்கும் என்றாள். காரில் ஏறினாள். சேலையைச் சுருட்டி அந்தக் காலைச் சீட்டுக்கடியில் செருகிக்கொண்டாள்.

மைதானத்தில் கார் நகர்ந்தது. இரண்டு விளக்குகள் பனிக்குள் போயின. அமலதாஸ் ஒரு கையில் செருப்போடு நின்றார். ஐந்தாயின.

"செவப்பு," என்று ஒரு பெண் பிள்ளை கத்தினாள். அணைந்ததும் எல்லோரும் சேர்ந்து, "போயிருச்சு," என்றார்கள். மூன்றாவது சுற்றில் ஒருமுறை ஐந்தும் எரிந்துகொண்டே போனபோது, "டீச்சர், காலு, காலு," என்று கூச்சல் போட்டார்கள். உடனே அணைந்தது. ஆறாவது சுற்றில் அவர்களுக்குக் கத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது அமலதாஸுக்கு இன்னொன்றும் விளங்கியது. பம்பரின் இரு ஓரங்களிலும் எரிந்த இரட்டை விளக்கு, தூரத்தில் இரட்டை பிரேக் விளக்கைப் போலவேதான் இருந்தது. ஒற்றை விளக்காக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் கூட்டைக் காலியாக விட்டிருக்கிறான். இடப்பக்கத்துப் பல்பையும் அந்த இணைப்பையும் டயோடுகளையும் இன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

மணி அடித்தது. தெரேசா இறங்கி வந்து செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"தெரேசா, அந்த எடப்பக்கம் ஏன் பல்பு இல்லன்னு இப்பதான்..."

"மணி அடிச்சிருச்சுங்க." அவள் படியேறப் போய், திரும்பினாள். "போற வழியில செல்லச்சாமி அண்ணன் வீடு எங்கன்னு விசாரிச்சு வைங்க. ரெண்டு மணிக்கு வாங்க, போய் மன்னிப்புக் கேட்டுட்டு எறங்குவோம். பின்னால த்ரீவீல்ல வராதீங்க. பக்கத்துல உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது."

"பல்பப் பத்தி மட்டும்?"

அவள் பனி மூடிய ரோட்டைப் பார்த்தாள்.

"டவுனுக்கு வந்த பொறகு," என்றாள்.

ஃபாஸில் வண்டியைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். அமலதாஸ் ஏறியதும் முதலில் ரிஸ்மிக்கு ஃபோன் எடுத்து, வர வேண்டாம் என்றார். பிறகு அச்சகத்துக்கு எடுத்து, அரை நாள் லீவு கேட்டார்.