விசில் அடித்த பிறகு

பிள்ளைப்பாக்கம் கூட்டுரோட்டில் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள் ஷெர்லின். அம்மா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள், அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள். பைக்குள் ஒரு தாள் இருந்தது. அதில் அவள் எழுதியிருந்தது மூன்றே மூன்று விதிகள். இன்று காலை எல்லா அணித் தலைவர்களுக்கும் முன்னால் எழுந்து நின்று அவற்றைச் சொல்ல வேண்டும். 

டிப்ளமோ முடித்த கையோடு கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் லைனில் சேர்ந்தவள் அவள். அந்த வட்டாரத்துக் கம்பெனிகளும் கல்லூரிகளும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை ரோபோ கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். செருப்புப் பெட்டி அளவில் சக்கரம் வைத்த ரோபோக்கள். அணிக்கு இரண்டு. ஆட்கள் வெளியே நின்று ரிமோட்டில் ஓட்ட, அவை பலகை மைதானத்தில் ஒரு டென்னிஸ் பந்தைத் துரத்தும். பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். போன வருடம், 2011 வரை ஷெர்லினும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த வருடம் போட்டி ஒரகடம் பக்கத்தில் நடந்தது. அரையிறுதியில் ஷெர்லினின் கம்பெனி அணி ரோபோவும் எதிரணி ரோபோவும் கோல் வாயில் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. நடுவர் விசில் அடித்தார். இவர்கள் அணியின் வனமாமலை குனிந்து கையை விட்டு ரோபோவைத் தூக்கப்போனான். எதிரணிக்காரன் ரிமோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. பந்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதற்காக அந்த ரோபோவின் முகத்தில் ஒரு உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அது வனமாமலையின் மோதிர விரலை இழுத்துக்கொண்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருக்கும்போதே பந்து உருண்டு போய்க் கோலுக்குள் விழுந்தது. அதைக் கோல் என்றே அறிவித்தார்கள். விசில் அடித்தால் ஆட்டம் நின்றது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

விரலின் நுனி போய்விட்டது. கூட்டிப்போயிருந்த சூப்பர்வைசர் ஆஸ்பத்திரி வாசலிலேயே வனமாமலையிடம் சொல்லிவிட்டார்: ரூம் கதவில் நசுங்கியது என்று சொல், இல்லாவிட்டால் விசாரணை அது இது என்று உன் வேலை நிரந்தரமாகாது. நாங்குநேரியிலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் நான்கு பேரோடு தங்கியிருந்தவன், அப்படியே சொன்னான். ஒரு வருடம் ஆகியும் அவனுடைய டிரெய்னி காலம் இன்னும் முடியவில்லை.

வேன் வந்தது. பின்சீட்டில் ஹேமந்த் மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள் இந்த வருடத்து இரண்டு ரோபோக்கள், ஒன்றுக்கு மட்டும் உருளை. ஜன்னலோரம் வனமாமலை.

"இன்னா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?" என்றான் ஹேமந்த். பூந்தமல்லிக்காரன். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன்.

"மீட்டிங்ல பேசணும்ல."

வனமாமலை வெளியே பார்த்தபடியே சொன்னான். "நீ என்ன வேணும்னாலும் பேசு. எம்பேர மட்டும் இழுக்காத, கேட்டியா. அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன் வருது. ஹெச்ஆர் பிச்சையா சாரும் இன்னைக்கு வாராரு."

"உன் பேரு வராது."

"பேரு வராட்டா போதாது. கதையே வரக்கூடாது."

ஷெர்லின் தலையாட்டினாள். ஆட்டிவிட்டாளே தவிர, கதையைச் சொல்லாமல் இந்த விதிகள் எதற்கு என்று எப்படிச் சொல்வது என்பது அவளுக்கு அந்த நிமிஷம் வரை தெரியவில்லை. வாரக்கணக்காக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை போட்டி ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில். புது இடம், புது ஆட்கள். பொறுப்பாளர் தசரதன், மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர். எல்லாரையும் சிரித்த முகத்தோடு வரவேற்று, தலைவர்களை மைதானப் பலகையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அணியின் மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். எதிர்வரிசையில் நம்பிராஜன் இருந்தான். போன வருடம் அந்த ரிமோட்டைப் பிடித்திருந்தவன்; அந்த அரையிறுதியைப் பார்த்த வேறு தலைவர்கள் யாரும் அங்கே இல்லை. ஷெர்லினைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவன் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. சுவரோரம் பிச்சையா டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"ரூல்ஸ் போன வருஷம் மாதிரியேதான்," என்றார் தசரதன். "யாருக்காவது டவுட் இருக்கா?"

ஷெர்லின் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சத்தம் போட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"சார், மூணு ரூல் சேக்கணும்னு கேக்கறோம்."  தாளைப் பார்த்து வாசித்தாள். விசில் அடித்தால் ஆட்டம் நின்றது, அதற்குப் பிறகு பந்து எங்கே போனாலும் கணக்கில் இல்லை. எல்லா ரோபோவின் தலையிலும் பேட்டரியைத் துண்டிக்கிற ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். மாட்டிக்கொண்ட ரோபோவை முதலில் நீளக் குச்சியால் சுவிட்சைத் தட்டி நிறுத்த வேண்டும், அதுவரை யாரும் மைதானத்துக்குள் கைவிடக் கூடாது.

"முதல் ரூல் சரி," என்றார் தசரதன். "அத எழுதாம விட்டதே தப்பு. ஆனா சுவிட்ச் இப்ப சொன்னா எப்படிம்மா? பாதிப் பேர் ரோபோவில இருக்காது. ரிமோட்ட விட்டா நின்னுடப்போகுது."

"நிக்காது சார்."

"சின்ன மோட்டார். இதுல என்ன ஆகிடப்போகுது?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "யாருக்காவது அடிபட்டிருக்கா? எங்கயாவது நடந்திருக்கா? நடந்திருந்தா சொல்லு, இப்பவே சேத்துடலாம்."

அந்தக் கேள்விக்குத்தான் அவள் வாரக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தாள்.

பின்னால் திரும்பக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திரும்பினால் வனமாமலையைப் பார்ப்பாள். அவள் பார்ப்பதைப் பிச்சையா பார்ப்பார். நம்பிராஜன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தது தெரிந்தது. அவன் எழுந்திருக்கப் போகிறானோ? ஆமாம் என்றால் யாருக்கு என்பார்கள். இல்லை என்றால் உட்காரச் சொல்வார்கள், சாயங்காலத்துக்குள் இன்னொருத்தன் கையை உள்ளே விடுவான். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள்.

"ஹேமந்த், நம்ம உருளை ரோபோவ எடு," என்றாள்.

"எதுக்கு?"

"எடேன்."

அவன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொட்டி அவன் செய்த உருளை அதன் முகத்தில் பளபளத்தது. பித்தளை. கனமாக இருந்தால் சுற்று குறையாது, பந்து விடாது ஒட்டிக்கொள்ளும் என்று அவனே தேடி, லேத்தில் கடைந்து கொண்டுவந்தது. ஷெர்லின் ரோபோவைப் பலகையில் வைத்தாள். பையிலிருந்து லைனில் போட்டுக்கொள்கிற வெள்ளை நூல் கையுறை ஒன்றை எடுத்தாள். அதை ஒரு ஸ்கேலின் நுனியில் மாட்டினாள். ரிமோட்டை அழுத்தியதும் உருளை சீறிக்கொண்டு சுற்றியது.

"சார், இப்ப விசில் அடிங்க."

தசரதன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து அடித்தார்.

அவள் ரிமோட்டைப் பலகையில் வைத்துவிட்டாள். இரண்டு கையும் வெறும் கை என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி காட்டிவிட்டு, ஸ்கேலை எடுத்துக் கையுறையை இன்னும் சுற்றிக்கொண்டிருந்த உருளைக்கு அருகே நீட்டினாள். உருளை அதன் ஒரு விரலைப் பிடித்தது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று கையுறை முழுவதும் முறுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கடைசியில் ஸ்கேல் 'டக்'கென்று உடைந்தது. அப்புறம்தான் உருளை நின்றது.

ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தசரதன் குனிந்து, முறுக்கிய நூல் கயிறு மாதிரி இறுகிக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். தொடுவதற்குக் கையை நீட்டிவிட்டு, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சுவிட்ச் இருந்தாலும் இது சுத்தும் போலயே," என்றார். "கனத்துல தானா சுத்துது."

ஷெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. இதை அவள் யோசித்திருக்கவில்லை.

தசரதன் நிமிர்ந்தார். "அப்ப நாலாவதா ஒண்ணு சேக்கறேன். ரிமோட்ட விட்டதும் நிக்காத உருளை எதுவும் மைதானத்துக்குள்ள வரக் கூடாது. மத்த மூணும் இவங்க சொன்ன மாதிரியே. ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

முதலில் தூக்கியது நம்பிராஜன். அவன் அவளைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டே தூக்கினான். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஒரு கல்லூரி அணி மட்டும், கடைசி நேரத்தில் இப்படிச் செய்தால் நாங்கள் ஆடவில்லை என்று சொல்லிவிட்டு ரோபோக்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வாசலைத் தாண்டும்போது அவர்களில் ஒரு பெண் ஷெர்லினைத் திரும்பிப் பார்த்த பார்வை, அவளுக்கு நெடுநேரம் மறக்கவில்லை.

சுவிட்ச் பொருத்த மதியம் வரை நேரம் கொடுத்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் ஹேமந்த் ரோபோவைக் கவிழ்த்து வைத்து உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஷெர்லின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ம உருளைய நாமளே காட்டிக் குடுத்துட்டோம்," என்றான் நிமிராமல். "வேற எவன் ரோபோவயாச்சும் கேட்டிருக்கலாம்ல."

"யார் குடுத்திருப்பாங்க?"

ஹேமந்த் கடைசி ஸ்க்ரூவைக் கழற்றி, பித்தளை உருளையைத் துணியால் துடைத்துத் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "சுவிட்ச் வாங்கினு வரேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட எலக்ட்ரிகல் கடை கீது." யாரிடமோ பைக் சாவி வாங்கிக்கொண்டு போனான்.

வனமாமலையைக் காணவில்லை. கூட்டத்திலிருந்து எப்போது, எங்கே போனான் என்று தெரியவில்லை. கேன்டீனில் பார்த்தாள், கார் நிறுத்துமிடத்தில் பார்த்தாள். கோபித்துக்கொண்டு ரூமுக்கே போய்விட்டானோ என்று நினைத்துத் திரும்பியபோது எதிரில் பிச்சையா நின்றார்.

"நல்லாப் பேசினம்மா. சேஃப்டி வீக்ல உன்னப் பேச வைக்கணும்." காகித டீ டம்ளரைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அவர் சாதாரணமாகக் கேட்டார். "இந்த யோசனை எப்படி வந்துச்சு? போன வருஷம் நம்ம டீமும் ஆடிச்சே, அப்ப ஏதாவது ஆச்சா?"

 "டெஸ்டிங் லைன்ல சார்," என்றாள். "கன்வேயர்ல கையுறை மாட்டினா எமர்ஜென்சி சுவிட்ச் இருக்கு. இதுல இல்லையேன்னு தோணுச்சு." இது பொய்யும் இல்லை. அவர் தலையாட்டினார். நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "அந்த நாங்குநேரிப் பையன், அவன் கை இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போன் வந்ததும் நகர்ந்துவிட்டார்.

அவருக்குத் தெரியும். இல்லை, தெரியாது, சும்மா கேட்டார். தெரிந்துதான் கேட்டார். வாங்கிவந்த சுவிட்சைப் பொருத்தும்போதும் அவள் மனசு இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. வயரை மாற்றி வைத்து சால்டர் பண்ணி, மறுபடி பிரித்து வைத்தாள்.

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு வனமாமலை வந்து சேர்ந்தான். ஒன்றும் பேசாமல் இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டான். உருளை இல்லாமல் ரோபோக்களால் பந்தைத் தள்ளத்தான் முடிந்தது, வைத்துக்கொள்ள முடியவில்லை. அவை பந்தை முட்டும், பந்து எங்கோ ஓடும். முதல் ஆட்டத்திலேயே மோசமாகத் தோற்றார்கள். ஹேமந்த் திட்டக்கூட இல்லை.

தோற்ற பிறகு போக வேண்டியதுதான். ஆனால் மூவரும் பலகையோரம் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். நம்பிராஜன் அணியின் ஆட்டத்தில் ரோபோக்கள் மூலையில் மாட்டிக்கொண்டன. விசில் கேட்டது. எதிரணியின் இளைஞன் ஒருவன் பழக்கத்தில் குனிந்து கையை நீட்டினான்.  நம்பிராஜன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நடுவர் குச்சியால் சிவப்பு சுவிட்சுகளைத் தட்டினார். ரோபோக்களைப் பிரித்து வைத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அரங்கத்தில் யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"பார்க்கிங்ல பிச்சையா சார் உங்கிட்ட பேசுனத பாத்தேன்," என்றான் வனமாமலை.

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா உன் கைய பத்திக் கேட்டாரு." ஷெர்லின் அவன் பக்கம் திரும்பினாள். "அவருக்குத் தெரிஞ்சிருச்சோன்னு பயமா இருக்கு."

அவன் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலைலேந்து உம்மேல கோவமாத்தான் இருந்தேன். அந்தக் கையுறை உள்ள போவும்போது என்னால நிக்க முடியல, வெளிய போயி வாந்தி எடுத்தேன்." பிறகு சொன்னான்: "தெரிஞ்சா தெரியட்டும். அந்தப் பயலுக்கு இன்னைக்குப் பத்து வெரலும் இருக்குல்லா."

அதற்குப் பிறகும் அவள் பயம் போகவில்லை. அடுத்த மாதம் முழுவதும் ஹெச்ஆர் அறைப் பக்கமிருந்து யாராவது வந்தாலே வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். மாதக் கடைசியில் ஒருநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கேட்டுக்கு வெளியே பஸ்கள் வரிசையாக நின்ற இடத்தில், வனமாமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தான். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆயிருச்சு," என்றான். "பெர்மனன்ட்."

அவள் பஸ் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் ஒரு ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள், எழுந்திருக்கவில்லை.