மூன்று நரம்புகள் போகும் வழி

ஜோஸ்பின் ஜன்னலோரம் உட்கார்ந்து, சீனியரிடம் இரவல் வாங்கி வந்த மண்டையோட்டை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். கையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு. அடிப்புறத்துத் துளை ஒவ்வொன்றிலும் அதை நுழைத்து, அந்த வழியாகப் போகும் நரம்பின் பெயரை முணுமுணுத்தாள். நாளைக் காலை திண்டுக்கல்லில் வாய்மொழித் தேர்வு. மருத்துவப் படிப்பில் முதலாமாண்டு தேறவேண்டுமே என்ற கவலையில் சோறு இறங்கவில்லை.

அடுப்படியில் அம்மா இருமினாள். இரண்டு மாதமாக இஞ்ஞாசியம்மாள் அங்கேதான் தனியாகச் சாப்பிடுகிறாள். ஒருநாள் குடித்த ரசம் மூக்கு வழியாக வந்துவிட்டது. “ச்சீ, அசிங்கமா இருக்கும்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் ஜோஸ்பின்தான்.

“என்னடி, ஸ்டார்ட் ஆகாத டிராக்டர் மாதிரி இருமுற?” என்றார் அப்பா கிறிஸ்துராஜ். மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். “கோயில் பாட்டுக் குழுவுல பின்னால தள்ளிட்டாகன்னு ஒங்கம்மா தொண்டையக் கட்டிக்கிட்டா. கொடத்தத் தூக்கச் சொன்னா தோள் வலிங்கிறா. நோவும் வேலையப் பாத்துத்தான் வருது பாப்பா.”

ஜோஸ்பினும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அடுத்த துளையில் ஈர்க்கை விட்டாள். ஓரம் கரடுமுரடான ஜுகுலர் துளை. பெரிய ரத்தக்குழாய் ஒன்று, அதை ஒட்டி மூன்று நரம்புகள். இங்கே கட்டி வளர்ந்து அழுத்தினால் என்ன ஆகும்? பேராசிரியர் தவறாமல் கேட்கும் கேள்வி. பதிலை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். குரல் கம்மும். விழுங்குவது மூக்கில் ஏறும். உள்நாக்கு கட்டிக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். கட்டி உள்ள பக்கத்துத் தோள்...

ஈர்க்கு நின்றது.

“அம்மா, செத்த இங்க வா. வாயத் தெறந்து ஆ-ன்னு சொல்லு.”

செல்போன் வெளிச்சத்தில் உள்நாக்கு நடுவில் நிற்காமல் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

இஞ்ஞாசியம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. இத்தனை நாளில் யாரும் அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. “பாத்தீகளா, எம்மக மொத வைத்தியம் எனக்குத்தான் பாக்குறா” என்றாள், காற்றாய்ப் போன குரலில்.

“பீஸக் கறாரா வாங்கிரு பாப்பா!”

“ரெண்டு தோளையும் தூக்கும்மா.” ஜோஸ்பின் செல்போனைக் கீழே வைத்தாள்.

டிரில் வகுப்புச் சிறுமிபோல அம்மா நிமிர்ந்து நின்று தூக்கினாள். வலத்தோள் காதுவரை ஏறியது.

“போதுமா? இன்னும் தூக்கவா?”

அசையாத இடத்தோளிலிருந்து முந்தானை மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. அம்மா அதைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டே நின்றாள்.